சொந்த உபயோகத்துக்கு

பெட்டியைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே நானே திறந்துவிடுவேன், சார். பதினோரு வருடப் பழக்கம். மேசைமேல் தூக்கி வைத்து, எண் பூட்டை நகர்த்தி, மூடியை முழுதாகச் சாய்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொள்வேன். ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் அப்படித்தான் நிற்பான் என்று சுங்க அதிகாரிகள் நினைத்துக்கொள்வார்கள்.

பாருங்கள். இஸ்திரிப் பெட்டி ஒன்று, துண்டில் சுற்றியிருக்கிறது. முடி உலர்த்துவது ஒன்று. காதில் மாட்டிப் பாட்டுக் கேட்பது ஒன்று. கழுத்து வலிக்கு வைத்துக்கொள்கிற கருவி ஒன்று, என் வேட்டி மடிப்புக்குள் இருக்கும். மேசைக் கடிகாரம் ஒன்று. எதிலும் இரண்டு கிடையாது. இரண்டு இருந்தால் வியாபாரம், ஒன்று இருந்தால் சொந்த உபயோகம். அட்டைப் பெட்டிகளை அங்கேயே வீசிவிடுவேன். பொருளின்மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை எல்லாம் வெந்நீர்த் துணியால் ஊறவைத்துப் பிசின்கூட இல்லாமல் உரித்துவிடுவேன். ஸ்டிக்கர் இருந்தால் புதுசு, இல்லாவிட்டால் பழசு. பழசுக்கு யாரும் வரி கேட்க மாட்டார்கள். இந்த ஸ்டிக்கர் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

இத்தனையும் செய்துவிட்டு, இந்தக் கூடத்துக்குள் நுழையும்போது ஒவ்வொரு முறையும் பெட்டிப் பூட்டை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வேன். நான் பயந்த சுபாவம். இன்று உங்கள் ஆள் கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் இப்படி வாங்க” என்றபோது, இஸ்திரிப் பெட்டிக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அறைக்குள் வந்தால் நீங்கள் சீருடை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். நீங்கள் சுங்கம் இல்லை, போலீஸ் என்று அப்போதே புரிந்துவிட்டது. நானும் உட்கார்ந்துகொள்கிறேன். தண்ணீர் இருந்தால் கொடுங்கள். மேசைமேல் வைத்திருக்கும் ஒலிப்பதிவுக் கருவி பழைய மாடல், பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் வளர்த்தாமல் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒரே தங்கை. வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். இப்போது இருபத்தேழு வயது, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அம்மா முதலில் போனாள். நான் வெளிநாடு போன நான்காம் வருடம் அப்பாவும் போனார். அதிலிருந்து கீழ்வீட்டில் அவள் மட்டும்தான். மாடியில் ஒரு அக்கா குடியிருக்கிறார்கள். நல்ல மாதிரி, ஆனால் அடுத்த வீட்டில் ஊசி விழுந்தாலும் மூக்கு வியர்த்துவிடும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கச்சிக்கு முடித்துவிட்டுத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கு நான்கு இடம் வந்தது. நான்கிலும் குறை இருந்தது.

நான் விடுமுறையில் வந்தால் கூடத்து நடுவில் பெட்டியைத் திறப்பது வழக்கம். அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். துணிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவேன். “இது எதுக்குண்ணா?” என்பாள். கண்டுபிடி என்பேன். வேண்டுமென்றே தப்பாகச் சொல்வாள். முகம் மழிக்கும் கருவியைப் பார்த்து, “தேங்காய் துருவறதா?” என்று கேட்டு, அன்றைக்கெல்லாம் சிரித்தாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் வருடம் முழுக்க அந்தக் கடைகளில் அலைந்தேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

அங்கே எனக்கு ஒரு பெரிய அங்காடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் வேலை. மின்வேலை படித்தவன் என்பதால் பராமரிப்புக்கு எடுத்தார்கள், பிறகு கட்டுப்பாட்டு அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். சுவர் முழுக்க முப்பத்திரண்டு திரைகள். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது மனிதர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்பதை நாளுக்குப் பத்து மணி நேரம் பார்த்தேன். அப்படிப் பார்த்தால் நெஞ்சில் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொள்ளும். திரையில் தெரியாத இடத்தில் ஏதோ நடந்துகொண்டே இருக்கிறது என்று தோன்றும்.

ஒரு நாள் சாயங்காலம் நான்கு மணியிலிருந்து ஏழு மணி வரை பாப்பாவைக் கூப்பிட்டேன். அவள் எடுக்கவில்லை. அந்த மூன்று மணி நேரத்தில் எனக்குக் கை கால் ஓடவில்லை. அவள் குளியலறையில் விழுந்து கிடப்பதைப் பார்த்தேன். கடத்திக்கொண்டு போவதைப் பார்த்தேன். யாரோ ஒருவனோடு சிரித்துப் பேசிக்கொண்டு எங்கோ போவதையும் பார்த்தேன், அதுதான் எல்லாவற்றிலும் மோசமாக இருந்தது. ஏழு மணிக்கு அவளே கூப்பிட்டாள். போனை சார்ஜில் போட்டுவிட்டு மாடி அக்கா வீட்டில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாளாம். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மறுவாரம் சம்பளம் வந்ததும் கடிகாரம் வாங்கினேன்.

இது இல்லை சார், இது புதுசு. அது வேறு. பார்த்தால் சாதாரண மேசைக் கடிகாரம். வட்ட முகப்பில் பச்சை எண்கள், ஓரத்தில் வெப்பநிலை. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஒரு கடுகளவு கண். அறையில் நடப்பதை என் போனில் காட்டும். நாம் பேசினால் அங்கே கேட்கும், அதற்கு ஒரு பொத்தான். கூடத்து அலமாரியின்மேல் நானே வைத்தேன். வாசல், சாப்பாட்டு மேசை, மின்பலகை, சமையலறைப் பாதி, எல்லாம் தெரியும். அவள் படுக்கிற அறையில் வைக்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை.

அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் சங்கடப்படுவாள். பெண்பிள்ளை வீட்டில் நிம்மதியாக நடமாட வேண்டும் இல்லையா.

முதல் வருடம் நான் பார்த்தேன், அவ்வளவுதான். என் முப்பத்திரண்டு திரைகளோடு முப்பத்து மூன்றாவதாக அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவள் கடைக்குக் கிளம்புவாள், வருவாள், சாப்பிடுவாள், எனக்குப் போன் செய்வாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே, “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்பேன். “சாப்பிட்டேண்ணா” என்பாள். சாப்பிட்டிருக்க மாட்டாள். இந்த மாதிரிப் பொய்யெல்லாம் எனக்கு வலித்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடைப் பெண்களோடு இரண்டு நாள் சுற்றுலா போவதாகச் சொல்லியிருந்தாள். நானும் சரி என்றுதான் சொல்லியிருந்தேன். பை தயாராக வாசலில் இருக்கிறது. அவள் கூடத்தில் நின்று தலை சீவிக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தொண்டையில் கரகரப்பு. போனைக் கையில் வைத்திருந்தவன் தெரியாமல் அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டு இருமிவிட்டேன்.

கை தவறித்தான், சார். சத்தியமாகச் சொல்கிறேன். முதல் தடவை கை தவறித்தான்.

சீப்பு அவள் தலையிலேயே நின்றது. யாருமில்லாத வீட்டில், நாலடி தூரத்தில், ஒரு ஆம்பிளை இருமியிருக்கிறான். அவள் அலறவில்லை. கண்ணை மட்டும் மெல்ல நகர்த்தி ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள். பிறகு வெளியே ஓடிப்போய் வாசற்படியில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணா, வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்கண்ணா.”

“யாரும் இருக்க மாட்டாங்கம்மா. பக்கத்து வீட்டுச் சத்தமா இருக்கும்.”

“இல்லண்ணா. என் பக்கத்துல. என் காதுக்குப் பக்கத்துல.”

“பயப்படாத. நான் லைன்லயே இருக்கேன். உள்ள போ. கதவைத் தாழ் போடு.”

அவள் சுற்றுலா போகவில்லை. அன்று முழுக்க நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம். சின்ன வயதில் இடி இடித்தால் என் போர்வைக்குள் வந்து ஒண்டிக்கொள்வாள். அந்தப் பாப்பா திரும்பி வந்த மாதிரி இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் நாற்பது தடவை இருக்கும். அதிகமாகச் செய்யவில்லை. அவள் கிளம்பக் கூடாத இடத்துக்குக் கிளம்பும்போது ஒரு இருமல். கண்ட பெண்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தால், அவர்கள் போன பிறகு நாற்காலியை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம், இங்கே என் நாற்காலியைத்தான் இழுப்பேன். ஒரு தடவை அவள் பெயரைச் சொன்னேன், ரொம்ப மெதுவாக. அது கொஞ்சம் அதிகம் என்று அப்போதே தோன்றியது. அன்று அவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு மாலை வரை வரவில்லை.

அடுத்த விடுமுறையில் மின்பெட்டி கொண்டுவந்தேன். வீட்டு மெயினில் பழைய பீங்கான் ஃபியூஸ்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டு வெளிநாட்டுப் பெட்டியைப் பொருத்தினேன். கையடக்கமான வெள்ளைப் பெட்டி, முன்னால் ஒரு பொத்தான். போன் மூலம் எங்கிருந்து வேண்டுமானாலும் மின்சாரத்தை நிறுத்தலாம், கொடுக்கலாம். கசிவு வந்தால் தானே நின்றுவிடும் வசதியும் அதில் உண்டு. எங்கள் வீட்டுச் சுவர் ஈரம், சும்மா சும்மா நின்று தொல்லை செய்தது. அதனால் அந்த வசதியை மட்டும் நிறுத்தி வைத்தேன். போன் விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. பாதுகாப்பான பெட்டி என்று சொன்னேன். இணையப் பெட்டிக்கும் ஒரு பேட்டரி வாங்கி வைத்தேன், கடிகாரத்துக்குள் ஏற்கெனவே ஒன்று இருந்தது. விளக்கு நின்றாலும் நான் பார்க்க முடியும். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

இருமலோடு விளக்கும் போகத் தொடங்கியதும் பாப்பா ரொம்ப இளைத்துவிட்டாள். டாக்டரிடம் போனாள், மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மணிக்கெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டாள். ஊர் சுற்றல் இல்லை, வீண் சிநேகிதம் இல்லை. தினம் நான்கு தடவை என்னைக் கூப்பிட்டாள். “அண்ணா, நீங்க மட்டும் இல்லைன்னா நான் செத்தே போயிருப்பேன்” என்று ஒரு நாள் சொன்னாள். அதை நான் பொய் என்று நினைக்கவில்லை.

ஒயர்மேனை அனுப்பியது மாடி அக்காதான்.

அவரைப் பற்றித் தப்பாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. முப்பது வயதிருக்கும். சட்டைப் பையில் டெஸ்டர், தோளில் அலுமினிய ஏணி. முதல் நாள் வீடு முழுக்கச் சுவிட்சுகளைத் திறந்து பார்த்தார். சும்மா சொல்லக் கூடாது, சுத்தமான வேலை. என்னிடம் வேலை கேட்டிருந்தால் எடுத்திருப்பேன். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து பாப்பாவிடம் எல்லாவற்றையும் கேட்டார். அவள் சத்தத்தைப் பற்றியும் சொன்னாள். டாக்டரே அவள் சொன்னதைப் பாதிதான் கேட்டிருந்தார். இவர் முழுக்கக் கேட்டார்.

“நீங்க சொல்றது பொய் இல்லைங்க” என்றார். “ஆனா பேயும் இல்ல. பேய்க்கு எதுக்குங்க கரண்டு? இது யாரோ பண்ற வேலை.”

கட்டுப்பாட்டு அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது.

“யாருங்க பண்ணப்போறாங்க? எங்க அண்ணாவைத் தவிர எனக்கு யாரும் கிடையாது.”

“பண்றவன் ஏதோ ஒரு சாமானை வச்சுத்தான் பண்ணணும். ஒண்ணொண்ணா அவுத்துப் பாத்துடலாம். என்ன ஒண்ணு, எனக்கு ஞாயித்துக்கிழமைதான் ஒழியும்.”

மூன்று ஞாயிறு வந்தார். காசு வாங்கவில்லை, அதை நான் கவனித்தேன். அந்த மூன்று வாரமும் நான் விளக்கை நிறுத்தவில்லை, இருமவில்லை, மூச்சே விடவில்லை என்று சொல்லலாம். வீடு அமைதியானது. பாப்பாவின் முகத்தில் சதை வைத்தது. எனக்கு வரும் போன் நான்கிலிருந்து இரண்டாகி, இரண்டிலிருந்து ஒன்றாகி, பிறகு நான் கூப்பிட்டால்தான் என்று ஆனது. “நல்லாயிருக்கேண்ணா, கொஞ்சம் வேலையா இருக்கேன்” என்பாள். நான் பார்க்கிறேன், ஒரு வேலையும் இல்லை. ஜன்னல் பக்கம் நின்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் அவரோடு போய்விடுவாள் என்று தோன்றியது, சார். அவள் போய்விட்டால் அந்தத் திரையில் வெறும் நாற்காலியும் மேசையும்தான் இருக்கும். நான் வருடம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த வெறும் கூடத்தைத்தான் கனவில் கண்டேன், வேறெதையும் இல்லை.

மூன்றாவது ஞாயிறு காலை பதினோரு மணி. கூடத்து உத்தரத்துக்குக் கீழே, சுவரில் உயரமாக ஒரு இணைப்புப் பெட்டி இருக்கிறது. அதைத்தான் கடைசியாகப் பார்க்க வேண்டியிருந்தது. ஒயர்மேன் ஏணியைச் சாத்தினார். பிறகு மின்பலகைக்குப் போய் என்னுடைய வெள்ளைப் பெட்டியை உற்றுப் பார்த்தார். பொத்தானை அழுத்தி மின்சாரத்தை நிறுத்தினார். டெஸ்டரை வைத்துப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. ஆனாலும் அவருக்கு மனசு ஒப்பவில்லை.

“இது எந்த ஊரு சாமானுங்க? ஒரு எழுத்துகூட இல்ல. பிடுங்கறதுக்கும் ஒண்ணும் இல்லையே.”

“எதைப் பிடுங்கணும்?”

“ஃபியூஸ் கட்டையத்தான். பழைய வீடுன்னா அதைப் பிடுங்கி இந்தப் பாக்கெட்டுல போட்டுக்குவேன். வேலை முடியற வரைக்கும் என் உயிரு என் பாக்கெட்டுல.”

பாப்பா சிரித்தாள். “அப்ப இன்னைக்கு உங்க உயிரு யாருகிட்ட?”

“உங்ககிட்டதான். இந்தப் பெட்டிக்கு முன்னாடி நில்லுங்க. யாரையும் கைவைக்க விடாதீங்க.”

“யாரு வந்தாலுமா?”

“உங்க அண்ணனே வந்தாலும்.”

அவள் பெட்டிக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் அகல விரித்துக் காவல்காரன் மாதிரி நின்றாள். சிரித்துக்கொண்டே நின்றாள். அந்தச் சிரிப்பை நான் இரண்டு வருடமாகக் கேட்கவில்லை. தேங்காய் துருவறதா என்று கேட்டபோது சிரித்த அதே சிரிப்பு.

ஸ்டிக்கரைச் சொன்னேன் இல்லையா. அந்தப் பெட்டியின் நெற்றியில் சிவப்பில் ஒரு எச்சரிக்கை ஒட்டியிருந்தது. தொலைவிலிருந்து இயக்கக்கூடியது, இதை மட்டும் நம்பி வயரில் கைவைக்காதே என்று, நான்கு மொழியில், படத்தோடு. படத்தைப் பார்த்தாலே அவருக்குப் புரிந்திருக்கும். வரிக்குப் பயந்து நான் அதை உரித்துவிட்டிருந்தேன். அதில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. எல்லோரும் உரிக்கிறோம்.

அவர் ஏணியில் ஏறினார். இணைப்புப் பெட்டியின் மூடியைக் கழற்றி, வயர்களை வெளியே இழுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அப்போது ஏணியிலிருந்தபடியே கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அலமாரிப் பக்கம் வந்ததும் கண் நின்றது.

“கரண்டு நிறுத்தியாச்சு. அந்தக் கடிகாரம் மட்டும் எப்படிங்க ஓடுது?”

“அதுக்குள்ள பேட்டரி இருக்காம். அண்ணா வாங்கிட்டு வந்தது.”

“அதுவும் வெளிநாடா?” என்றார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “இத முடிச்சிட்டு அதையும் அவுத்துப் பாத்துடலாங்க.”

நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். யோசித்தேன். கடிகாரத்தைத் திறந்தால் கண் தெரியும். கண் தெரிந்தால் இருமல் தெரியும். பாப்பாவுக்கு இந்த உலகத்தில் நம்புவதற்கு இருப்பது ஒரே ஆள், அந்த ஆளும் போய்விட்டால் அவள் என்ன ஆவாள் என்று யோசித்தேன். அவர் திரும்பி இரண்டு கையாலும் வயரைப் பிடித்து உள்ளே திணிக்கிற வரை காத்திருந்தேன். பிறகு போனில் பொத்தானை அழுத்தினேன்.

அவர் கத்தவில்லை. ஏணி மட்டும் தடதடவென்று ஆடியது. பாப்பாவுக்குப் பின்னால் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது, அவள் அதைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவரைப் பிடிக்க ஓடினாள். அலுமினிய ஏணி, சார். அவருடைய கால் அதில். ஒரு விரல் பட்டால் போதும்.

அப்போது நான் பேசும் பொத்தானை அழுத்திக் கத்தினேன். “தொடாத பாப்பா, தொடாத.”

அவள் நின்றுவிட்டாள். ஏணிக்கும் கைக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும். உடனே மின்சாரத்தை நிறுத்தினேன், அவர் கீழே விழுந்தார். மொத்தம் ஒன்பது விநாடி. அந்தப் பெட்டி எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும், எடுத்துப் பாருங்கள். நேரம் மட்டும் அந்த ஊர் நேரமாக இருக்கும், வாங்கியபோது இருந்ததை நான் மாற்றவில்லை. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதையும் எழுதிக்கொள்ள வேண்டும். என் குட்டு உடையும் என்று தெரிந்தேதான் கத்தினேன். அவள் உயிரைக் காப்பாற்றியது நான்.

அவள் விழுந்தவரைப் பார்க்கவில்லை. மெல்லத் திரும்பி அலமாரியைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். அந்த மாதிரி ஒரு முகத்தை நான் முப்பத்திரண்டு திரைகளிலும் பார்த்ததில்லை. சாவைப் பக்கத்தில் பார்த்த பயம் என்று எடுத்துக்கொண்டேன்.

மாடி அக்கா ஓடி வந்து வண்டி கூப்பிட்டார்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே அவர் போய்விட்டாராம். பழைய வயரிங், ஈரச் சுவர், விபத்து என்று எழுதினார்கள். நான் அரை மணி நேரம் பொறுத்து, எப்போதும் போலக் கூப்பிட்டேன். வார்த்தை வார்த்தையாகத்தான் பேசினாள்.

“அண்ணா, உங்க குரல் கேட்டுச்சு. கடிகாரத்துலேருந்து.”

“அதிர்ச்சியில அப்படித்தாம்மா தோணும். நான் இங்க வேலையில இருக்கேன்.”

“இல்லண்ணா, என் பேரைச் சொல்லி...”

“பாப்பா, நான் சொல்றதைக் கேளு. நீ அந்தப் பெட்டியில சாஞ்சிக்கிட்டா நின்ன?”

அவள் திரும்பி மின்பலகையைப் பார்த்தாள்.

“தோள் பட்டிருக்கும்மா. நீ வேணும்னு பண்ணல, எனக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்லாத. நான் வர்றேன். எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்.”

அவள் பெட்டிக்கு முன்னால் நின்றாள் என்று எனக்கு யார் சொன்னார்கள் என்பதை அவள் அப்போது கேட்கவில்லை. பன்னிரண்டு நாள் நம்பினாள். அந்தப் பன்னிரண்டு நாளும் நான் பார்த்தேன். கடைக்குப் போகவில்லை. அதே கூடத்தில், சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, வலது தோளை இடது கையால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தோல் சிவந்து புண்ணாகிற வரை தேய்த்தாள். அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் தினம் ஐந்தாறு தடவை கூப்பிட்டாள்.

பதின்மூன்றாம் நாள் காலை அவள் எழுந்தாள். நேரே மின்பலகைக்குப் போனாள். பெட்டிக்கு முதுகைக் காட்டி, அன்று நின்ற மாதிரியே கையை விரித்து நின்றாள். தோளைச் சாய்த்துப் பார்த்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். குதிகாலை உயர்த்தியும் பார்த்தாள். பொத்தான் அவள் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்தது. எத்தனை தடவை சாய்ந்தாலும் தோள் எட்டவில்லை.

பிறகு ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அலமாரிக்கு வந்தாள். கையில் டெஸ்டர் இருந்தது. அது ஒயர்மேனுடையது, கீழே உருண்டு கிடந்திருக்கும். முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள். என் போன் முழுக்க அவள் முகம்தான். இமை மயிர்கூடத் தெரிந்தது.

“அண்ணா” என்றாள், ரகசியம் பேசுகிற மாதிரி. “இருக்கீங்களா?”

கடல் தாண்டி, அடித்தளத்தில், பூட்டிய அறைக்குள் உட்கார்ந்திருக்கிறேன். மூச்சை அடக்கிக்கொண்டேன். விரல் பேசும் பொத்தானின் மேலேயே இருந்தது, அழுத்தவில்லை. அவள் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். அப்படிப்பட்ட பயத்தை நான் என் வாழ்நாளில் பட்டதில்லை, சார். பிறகு படம் சுழன்றது. சுவர் தெரிந்தது. திருகாணி கிறீச்சிடும் சத்தம் நான்கு தடவை கேட்டது. இருட்டாகிவிட்டது.

நான் என்ன நினைத்தேன் என்றால், கடிகாரம் பழுதாகியிருக்கும், அதனால் திறந்திருப்பாள். பழுதானால் வேறு வாங்கிக் கொடுப்பது அண்ணன் கடமை. மறுநாளே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனேன். இதோ இருக்கிறதே, இதுதான். கண் எண்ணுக்குப் பின்னாலேயே வருகிறது, கழற்றினாலும் தெரியாது. எடுத்துப் பாருங்கள். ஸ்டிக்கரை உரித்துவிட்டேன்.

ஆமாம், சார். ஒயர்மேனைக் கொன்றது நான்தான். அவர் இரண்டு கையிலும் வயரைப் பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அழுத்தினேன். பழியை என் தங்கைமேல் போட்டதும் நான்தான். இருமியது, நாற்காலியை இழுத்தது, விளக்கை நிறுத்தியது, எல்லாம் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன்.

ஒரே ஒரு விண்ணப்பம். அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே மாடி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் பாப்பாதான். நான் உள்ளே வரும்போதே பார்த்துவிட்டேன். கையைத் தூக்கிக் காட்டினேன், அவள் அக்காவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். நான் இந்த அறையில் இருக்கிறவரை உள்ளே வர மாட்டேன் என்கிறாள் என்று உங்கள் ஆள் வந்து சொன்னார். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், புது இடம் என்றால் பயம். யாராவது போய் அவளிடம் சொல்லுங்கள், அண்ணன் எங்கேயும் போகவில்லை, இங்கேதான் இருக்கிறேன் என்று. அதைக் கேட்டால்தான் அவளுக்குப் பயம் தெளியும்.